பாளை காயுது, மருமவனே

வாரும் எழுத்தாளரே, வந்து திண்ணையில இரும். அந்தப் பாயை இழுத்துப் போட்டுக்கிடும். மணி பதினொண்ணு ஆகுது, ஒமக்கு இப்பத்தான் விடிஞ்சிருக்கு போல. பல்லு வெளக்காம ஒங்க அத்தை கருப்பட்டிக் காப்பி தரமாட்டா, அதை முடிச்சுட்டே வந்துரும். நான் எங்கயும் போகல. எழுவத்தெட்டு வயசுல எனக்கு என்ன சோலி? ஒன்னப் பாத்துக்கிட்டு இருக்கதுதான் இப்ப எனக்குப் பொழுதுபோக்கு.

கோவிக்காத மருமவனே. கேலி பண்ணணும்னு பண்ணல. கணக்குப் பாத்தேன், சிரிப்பு வந்துட்டு. நாவல் எழுதப்போறேன்னு மெட்ராசுல ஒரு மாச லீவு போட்டுட்டு நீ வந்து எறங்கி இன்னையோட பதினோரு நாளு. மொத நாளு, ஆடு கத்துது, எழுத ஓடலன்ன. ரெண்டு ஆட்டையும் கொண்டு போயி வடக்கு விளையில கட்டுனேன். மூணாம் நாளு, சேவல் கூவுது, சிந்தனை கலையுதுன்ன. ஒங்க அத்தை ஆசையா வளத்த சேவலு. அறுத்துக் கொழம்பு வச்சோம். நீயும் ரெண்டு கறித்துண்டு கூடுதலாத்தான் வாங்கித் தின்ன. கொழம்பு தீந்து எட்டு நாளாச்சு, மொத அத்தியாயம் இன்னும் முடியல. இந்தக் கணக்குல போனா நாவல் முடியதுக்குள்ள இந்த வீட்டுல உசிரோட மிஞ்சுதது நாம மூணு பேருந்தான்.

நேத்து அத்தை மச்சு அறையப் பெருக்கப் போனால்லா? கீழ கெடந்த நோட்டை எல்லாம் எடுத்து அடுக்கி வச்சிருக்கா. நாலு நோட்டு, நாலும் கெட்டி அட்டை, வழவழன்னு தாளு. ஒரு நோட்டுல தலைப்பு மட்டும் பதினேழு எழுதி, பதினாற அடிச்சிருக்கு. இன்னொண்ணுல கதாபாத்திரம் அம்புட்டுப் பேருக்கும் ஜாதகம் கணிச்சிருக்கு; கதாநாயகனோட கொள்ளுப்பாட்டிக்கு மூக்குத்தி எந்தப் பக்கம்னுகூட இருக்காம். மூணாவதுல ஊருப் படம், கெணறு, கோயிலு, சுடுகாடு எல்லாம் வரைஞ்சு கலர் அடிச்சு. நாலாவதுலதான் விசேஷம். விருது வாங்கும்போது பேச வேண்டிய ஏற்புரை. அத்தைக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். முழுசையும் வாசிச்சுட்டு எறங்கி வந்து சொல்லுதா, "மருமவன் பேச்சு ரெம்ப நல்லாருக்கு, கடைசியில எனக்கே கண்ணு கலங்கிட்டு. எந்தப் புஸ்தகத்துக்குப் பரிசு குடுத்தாகன்னுதான் அதுல போடல."

ஏறாத பனைக்குக் கருப்பட்டி விலை பேசுன ஆளு நீதான்.

ஒண்ணு ஒத்துக்கிடுதேன். யாரு யாரு எப்படி எழுதுனாகன்னு ஒன்னைவிடத் தெரிஞ்சவன் இந்தத் தேரிக்காட்டுல கெடையாது. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் நீ சொல்லித் தெரிஞ்சதுதான். பத்து வருசமா லீவுக்கு வரும்போதெல்லாம் இதே திண்ணையில சம்மணம் போட்டு இருந்து கதை கதையாச் சொல்லியிருக்க. கல்யாண வீட்டுல பந்தி விசாரிக்கவன் கடைசி வரைக்கும் பட்டினி கெடப்பான்லா, அந்த மாதிரி.

ட்ராலோப்புன்னு ஒரு வெள்ளைக்காரன் கதை சொன்னியே, தபால் இலாகாவுல உத்தியோகம் பாத்தவன். எனக்கு அந்த ஆளை ரெம்பப் பிடிச்சிட்டு. தெருவுல தூண் மாதிரி தபால் பெட்டி நட்டு வைக்கலாம்னு 1852-ல ஜெர்சி தீவுல மொத மொத நட வச்சது அவன்தானாமே. அந்த உத்தியோகத்தையும் பாத்துக்கிட்டு 47 நாவல் எழுதியிருக்கான். எப்படி எழுதுனான்? காலையில 5.30 மணிக்கு மேசையில இருப்பான். எழுப்பி விட ஒரு கெழட்டு வேலைக்காரன். காப்பியும் கையுமா வந்து நிக்கணும், அதுக்குன்னே வருசத்துக்கு 5 பவுன் கூடுதல் சம்பளம். மொத அரை மணி நேரம் முந்தி எழுதுனத வாசிப்பான். பெறவு கடியாரத்த முன்னால வச்சுக்கிட்டு, கால் மணிக்கு 250 வார்த்தை. மூணு மணி நேரம் ஆச்சா, எந்திரிச்சு சட்டையப் போட்டுக்கிட்டு அவன் சோலியப் பாக்கப் போயிருவான்.

இதுல நான் சிரிச்சது எதுக்குத் தெரியுமா? அவன் 1882-ல செத்தான். மறுவருசம் அவனே எழுதி வச்ச சுயசரிதை வந்துச்சு. கடியாரம் வச்சு எழுதுன சங்கதிய அதுல ஒளிக்காம சொல்லிட்டான். படிச்சவுகளுக்கு மொகம் சுளிச்சுப் போச்சு. 'இவன் கலைஞனா, கணக்கப்பிள்ளையா'ன்னு எளக்காரம். எனக்கு அது புதுசு இல்ல மருமவனே. டவுன்லருந்து காருல வந்து பதனி குடிக்கவுகளும் அப்படித்தான். ஓலைப் பட்டையில ஊத்திக் குடிச்சுட்டு, "இயற்கை குடுத்த அமிர்தம்"பாக. இயற்கை எங்கவே குடுத்துச்சு? நான் ஏறி நெஞ்சு காச்சுப்போயி சீவுனேன், அது குடுத்துச்சு. அந்தக் கணக்கச் சொன்னா குடிக்கவனுக்கு ருசி கொறைஞ்சிரும்.

சரி, நீ எழுதுத நாவலும் பனையேறி கதைதானே. மூணு வருசமா ஆராய்ச்சி பண்ணியிருக்க. ஒரு கேள்வி கேக்கேன், போனைப் பாக்காம என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு. பாளைய எதுக்குத் தெனமும் சீவணும்?

தெரியாது. நெனைச்சேன். காப்பியக் குடி, சொல்லுதேன்.

தை மாசி வாக்குல பாளை தலைய நீட்டும். நீட்டுன ஒடனே அரிவாளைத் தூக்கிட்டு ஏறிச் சீவுனா ஒரு சொட்டு வராது. மொதல்ல மரத்து மண்டையச் சுத்தம் பண்ணணும். காஞ்ச ஓலை, பன்னாடை எல்லாத்தையும் கழிக்கணும். முழிக்காத, மரத்துல இருக்க பன்னாடையச் சொன்னேன். பெறவு கடிப்பு வச்சுப் பாளைய இடுக்கணும். நசுங்கவும் கூடாது, சும்மா தடவிக் குடுத்துட்டு வரவும் கூடாது. கைக்கு அது ஒரு பக்குவம். இன்னைக்கு இடுக்கி, நாளைக்கு இடுக்கி, ஒரு வாரம் பத்து நாளு வெறுங்கையோட ஏறி வெறுங்கையோட எறங்கணும். கீழ நிக்கவன் கேப்பான், "என்னவே, காத்தையா எறக்கிட்டு வாரீரு?"ன்னு. பதில் சொல்லாம அடுத்த மரத்துக்குப் போயிரணும். அப்பறம் ஒரு நாளு நுனியச் சீவும்போது மினுக்குன்னு ஒரு ஈரம் தெரியும். அதைப் பாக்கணும் மருமவனே. உச்சியில, காத்து அடிக்க அடிக்க, ஒத்தக் காலு மட்டையில, அந்த ஒரு சொட்டு திரண்டு நிக்கதப் பாத்துட்டா பத்து நாளு ஏறுன வலி போயிரும்.

நீ மேசையில ரெண்டு நாளு இருந்த. ஒண்ணும் வரல. மூணாம் நாளு சேவல் மேல பழியப் போட்டுட்ட.

ஊற ஆரம்பிச்ச பெறவுதான் வேலையே இருக்கு. விடியக்காலம் ஒரு தடவ, சாயந்திரம் ஒரு தடவ, ரெண்டு தடவயும் ஏறிச் சீவணும். எம்புட்டு சீவணும்? இந்தா, இந்த வெத்தலையப் பாரு. இதைவிட மெல்லிசா. சீவி விட்டா அது காத்துல மெதந்து கீழ வரணும். ஆசைப்பட்டு அரை விரக்கடை வெட்டிட்டேன்னு வையி, பாளை சட்டுனு தீந்து போகும், அப்பறம் சீவ மரத்துல ஒண்ணும் இருக்காது. சோம்பப்பட்டு நாலு நாளு சீவாம விட்டுட்டேன்னு வையி, வெட்டுவாயி காஞ்சு மூடிக்கிடும். மரத்துக்கு அது காயம் பாத்துக்கோ. காயம்னா ஆறத்தான பாக்கும்? அது ஆறதுக்குள்ள நாம போயிப் புதுசாக் கீறணும்.

எனக்கும் இது சொல்லித் தெரியல, பட்டுத்தான் தெரிஞ்சுது. கல்யாணமாகி ரெண்டாம் வருசம். வைகாசி விசாகத்துக்குத் திருச்செந்தூர் போனோம், நானும் ஒங்க அத்தையும். காலையில போயி ராத்திரி திரும்புதது ஏற்பாடு. கடல்ல குளிச்சு, சாமி கும்பிட்டு, கூட்டத்துல மிதிபட்டு வெளிய வந்தா, ஒங்க அத்தைக்குப் பெரியம்மை மவன் நிக்கான். ஆறுமுகநேரியில வீடு. "வந்துட்டு மொகத்தக் காட்டாம போனா எப்படி"ன்னு இழுத்துட்டுப் போயிட்டான். விரதம் முடிஞ்ச மறுநாளு கறிச்சோறு. அதுக்கு மறுநாளு மீனு. அதுக்கு மறுநாளு அவன் மச்சினன் வீட்டுல கறிச்சோறு. புது மாப்பிள்ளைல்லா, எல எடுக்க விடல. அஞ்சாம் நாளு ஊரு வந்து ஏறிப் பாக்கேன். முப்பது பனை. கலயத்துல ஈயும் எறும்பும் செத்து மெதக்குது, புளிச்ச நாத்தம் கொமட்டுது. பாளை வாயி கறுத்து வெறகுக் கட்டை மாதிரி நிக்கு. சீவுதேன், சீவுதேன், ஈரமே இல்ல. மொதல்லருந்து இடுக்கி, கெஞ்சி, கொஞ்சி, முப்பதுல பதினோரு பனைதான் மறுபடி கண்ணு முழிச்சுது. மத்ததை அந்த வருசத்துக்குக் கைகழுவ வேண்டியதாப் போச்சு. ஆடி மாசம் விடிலியில கருப்பட்டியக் கொட்டானுல அடுக்கும்போது ஒங்க அத்தை ஒண்ணும் சொல்லல. காலிக் கொட்டானை ஒண்ணுக்குள்ள ஒண்ணாச் சொருகி ஓரமா வச்சா. நான்தான் வாயக் குடுத்தேன், "முருகன் இந்த வருசம் கண்ணத் தெறக்கல"ன்னு. "அவரை எதுக்கு இழுக்கீரு, கறிச்சோத்தச் சொல்லும்"னா.

அதுக்குப் பெறவு நாப்பது வருசம் ஏறுனேன். கல்யாணம் காட்சி எதுன்னாலும் ஏறி எறங்கிட்டுத்தான் வேட்டி மாத்துவேன். எங்கய்யா செத்த அன்னைக்கு மட்டும் நான் ஏறல, தம்பிய ஏறச் சொன்னேன்.

இப்ப ஒன் சங்கதிக்கு வாரேன். ஒனக்கு ஊத்து இல்லன்னு நான் சொல்லல. போன பொங்கலுக்கு வந்தப்ப ஒரு ராத்திரி முழுக்க முழிச்சு இருவது பக்கம் எழுதுன. விடியக்காலம் கண்ணு செவந்து போயி, "மாமா, பிச்சுக்கிட்டு வருது"ன்னு இதே முத்தத்துல குதிச்ச. நானும் நம்பிட்டேன். அப்பறம் சித்திரை வரைக்கும் அந்த நோட்டத் தொடல. தொடும்போது கதாநாயகி பேரு மல்லிகாவா மங்கையர்க்கரசியான்னு ஒனக்கே சந்தேகம். அவளைத் தேடிக் கண்டுபிடிக்கதுலயே ஒரு வாரம். கண்டுபிடிச்ச பெறவு, இவ பேச்சு செயற்கையா இருக்குன்னு மொத அத்தியாயத்தத் திருப்பி எழுத ஆரம்பிச்சிட்ட. எத்தனை தடவ? பதினாலு. பாதிப் பனை ஏறுத, காலு தடம் சரியில்லன்னு எறங்குத, மறுபடி அடியிலருந்து ஏறுத. ஏறுன ஒயரத்தக் கூட்டிப் பாத்தா பதினாலு பாதிப் பனை, ஏழு முழுப் பனை ஆச்சு. கலயத்துல மட்டும் ஒரு சொட்டு இல்ல.

ஒரு பக்கம் எழுது மருமவனே. ஒத்தப் பக்கம். 250 வார்த்தை. அந்தத் தபால்காரன் கால் மணியில எழுதுனத நீ ஒரு மணி நேரம் எடுத்து எழுது, ஒன்ன யாரு கேக்கப் போறா? வருசத்துல அறுவத்தஞ்சு நாளக் காய்ச்சலு, கல்யாணம், கரண்டு போச்சுன்னு கழிச்சிருவோம், அதையும் அடுத்தடுத்துக் கழிக்காம. மிச்சம் 300 நாளு. 75,000 வார்த்தை ஆகுது. நல்லதோ நொள்ளதோ, அது ஒரு நாவலு. இந்தக் கணக்குக்கு நான் ஏழாங் கிளாசுக்கு மேல படிக்கல.

கேட்டா, ஒம்பாட்டுக்குப் போன்ல ஒரு தக்காளியக் காட்டுத. 25 நிமிசம் வேலை, அஞ்சு நிமிசம் ஓய்வு, மணி அடிக்குமாம். இத்தாலிக்காரன் ஒருத்தன் தக்காளி மாதிரி இருந்த அடுக்களைக் கடியாரத்த வச்சுக் கண்டுபிடிச்சதாம். நல்ல ஏற்பாடுதான், கொறை சொல்லல. ஆனா அந்தத் தக்காளிய எறக்குததுக்கே ஒனக்கு ரெண்டு நாளு. செவப்புத் தக்காளியா, பச்சைத் தக்காளியான்னு ஒரு நாளு. எந்தத் தக்காளி சிறந்ததுன்னு நாலு பேரு பேசுனதக் கேக்க ஒரு நாளு. அதுக்குள்ள ஒங்க அத்தை நெசத் தக்காளிய வச்சு ரசமே வச்சு எறக்கிட்டா.

நவம்பர் கூத்து அதைவிட. 30 நாளுல 50,000 வார்த்தை எழுதணும், நாளுக்கு 1,667 வார்த்தை, நானோரைமோவோ என்னவோ ஒரு பேரு. 1999-ல சான்பிரான்சிஸ்கோவுல 21 பேரு கூடித் தொடங்குனது, பெறவு ஒலகம் பூரா பரவுச்சுன்னு சொன்ன. அதுல எழுதி முடிச்சுப் புஸ்தகம் போட்டவுக இருக்காக, மறுக்கல. ஆனா நீ மூணு வருசம் பேரு குடுத்த. மூணு வருசமும் நாலாம் தேதியோட மலையேறிட்ட. மொத நாளு மூவாயிரம் வார்த்தை, ரெண்டாம் நாளு ரெண்டாயிரம், மூணாம் நாளு தலைவலி, நாலாம் நாளு ஞானம். அரை விரக்கடை வெட்டுத ஆசைதான் அது. 2025-ல அந்த ஏற்பாட்டையே மூடிட்டதாச் சொன்ன. பாத்தியா, நீ முடிப்ப முடிப்பன்னு பாத்து, நடத்துனவன் கடையச் சாத்திட்டுப் போயிட்டான்.

வீட்டுல எடம் இல்லன்னு சொல்லாத. வீடு சின்னதுன்னு அசோகமித்திரன் தி. நகர் நடேசன் பூங்காவுல பெஞ்சுல இருந்து எழுதுன கதைய எனக்குச் சொன்னதே நீதான். வேலை கழுத்தப் பிடிக்குன்னும் சொல்லாத. தோப்பில் முகமது மீரான் மொளகா யாவாரம் பாத்தாரு. மொளகா நெடியில தும்மிக்கிட்டே எழுதுன மனுசனுக்கு 1997-ல சாகித்ய அகாடமி குடுத்தாக. ஒனக்கு ஏசி ரூமுல அலர்ஜி. வயசு போச்சுன்னு போன வாரம் பெருமூச்சு விட்ட. கி.ரா.வோட மொதக் கதை 1958-ல வந்தப்ப அவருக்கு முப்பத்தஞ்சு வயசு. அதுக்கு முன்னால கரிசல்ல வெவசாயம். தொண்ணூறு தாண்டியும் எழுதிக்கிட்டு இருந்தாரு. ஒனக்கு இப்ப முப்பத்தாறு. ஒரு வருசம் பிந்திட்ட, அம்புட்டுதான்.

கல்கி கதையில ஒரு சூது இருக்கு, கவனிச்சியா? பொன்னியின் செல்வன் 1950-லருந்து 1954 வரைக்கும் வாரா வாரம் வந்துச்சு. எங்க சித்தி ஒருத்தி அதைக் கிழிச்சுக் கிழிச்சு சேத்துத் தச்சு வச்சிருந்தா, எலி கடிச்சது போக மிச்சம் நான் பாத்திருக்கேன். வாரக் கெடு வந்தா எழுதித்தான ஆகணும்னு நீ சொல்லுவ. ஆனா பத்திரிகை யாரோடது? அவர் பேருலயே நடந்த பத்திரிகை. ஒரு வாரம் 'ஆசிரியர் ஊரில் இல்லை'ன்னு போட்டா யாரு கேப்பா? தன் கழுத்துல தானே கத்திய வச்சுக்கிட்டு எழுதியிருக்காரு மனுசன். நாரோயிலு ஜெயமோகனும் அப்படித்தான். 2014 ஜனவரி ஒண்ணாந் தேதி வெண்முரசு தொடங்கி, நாளுக்கு ஒரு அத்தியாயம்னு 2020 வரைக்கும் 26 நாவல். எழுதுங்கன்னு வெளியிலருந்து யாரும் கெடு வைக்கல. அத்தனை பெருசு ஒனக்கு வேண்டாம். அது ஆளைக் கொல்லுத பனை. நீ முத்தத்துல நிக்க வடலிய ஏறு போதும்.

ஒண்ணு சொல்ல மறந்துட்டேன், சுண்ணாம்பு. கலயத்துக்கு உள்ள சுண்ணாம்பு தடவாம கட்டுனா, வெயிலு ஏறதுக்குள்ள பதனி நொரைச்சுக் கள்ளாயிரும். அப்பறம் அதைக் காச்சிக் கருப்பட்டி எடுக்க ஒக்காதுல்லா. நீ அரைப் பக்கம் எழுதுன ஒடனே அதைப் போன்ல போட்டு நாலு பேருகிட்டக் காட்டுத. "அருமை தோழர்", "மிரட்டிட்டீங்க"ன்னு நாலு நொரை. ஒனக்கும் ஏறிருது. நாவலே எழுதி முடிச்ச மாதிரி ஒரு கெறக்கம். மறுநாளு எதுக்கு எழுதணும்? புகழு கெடச்சிட்டே. முடியுத வரைக்கும் மூடி வையி. எங்கிட்டயும் காட்டாத. நான் கேட்டாலும் காட்டாத, நான் கேப்பேன்.

இன்னொண்ணு, மரத்துல நின்னு ருசி பாக்காத. எறக்கிட்டு வாரதுதான் ஏறுதவன் சோலி. காச்சுதது ஒங்க அத்தை சோலி. எட்டு லிட்டர் பதனிய விடிலியில வச்சுப் பகலு பூரா வெறகு தள்ளிக் காச்சுனா, ஒரு கிலோ கருப்பட்டி கெடைக்கும். பொங்கி வழியப் பாத்தா ஆமணக்கு முத்தத் தட்டிப் போட்டு அடக்குவா. பாகு பதம் வந்துட்டா சிரட்டையில ஊத்துவா. பாக்கி ஏழு லிட்டர் ஆவியாப் போச்சேன்னு அவ ஒரு நாளும் அழுததில்ல. நீ என்னடான்னா ஒரு வரிய எழுதிட்டு அங்கனயே அடுப்பு மூட்டுத. பதம் வரலன்னு அரிவாளத் தூர எறியுத. மொதல்ல எறக்கு. புளிப்போ இனிப்போ, எறும்பு விழுந்ததோ, எறக்கிச் சேரு. வருசக் கடைசியில அடுப்ப மூட்டு. அப்ப ஏழு பங்கு போயிட்டா போகட்டும்.

சுவத்துல கரிக்கோடு இருக்கே, அது என்னன்னு சின்ன வயசுல கேப்பியே. அது கலயக் கணக்கு. ஒரு கலயத்துக்கு ஒரு கோடு, கொறஞ்ச நாளுக்குப் பாதிக் கோடு. என்னைய ஏமாத்த ஆளு வெளியில இல்ல, நானேதான். அதுக்காகப் போட்டேன். கியூபாவுல ஹெமிங்வேயும் சுவத்துல பாடம் பண்ணி மாட்டுன மான்தலைக்குக் கீழ அட்டையச் சாத்தி வச்சு, நாளுக்கு நாளு எத்தனை வார்த்தைன்னு குறிப்பான்னு நீ சொன்னப்ப, எனக்குப் பெருமை தாங்கல. நோபல் பரிசுக்காரனும் நானும் ஒரே பள்ளிக்கூடம். ஆனா எங்கிட்ட மான்தலை இல்ல, ஒங்க அத்தை மூஞ்சிதான் இருந்துச்சு. அதுக்கும் பயந்துதான் கோடு போட்டேன்.

அந்தாளு இன்னொண்ணும் சொன்னாம்லா, அடுத்து என்ன நடக்கும்னு தெரியும்போதே அன்னைக்கு நிறுத்திரணும்னு. அது சரியான பனையேறி புத்தி. பாளைய ஒட்ட வெட்ட மாட்டோம், நாளைக்குச் சீவ நுனி மிச்சம் வச்சுட்டு எறங்குவோம். நீ அன்னைக்கு இருவது பக்கம் எழுதுனியே, தொடச்சு வழிச்சு எழுதிட்டுல்லா படுத்த. மறுநாளு எதைச் சீவுவ?

காப்பி ஆறிட்டு பாரு. குடி.

காணிக்கைப் பக்கத்துல என் பேரைப் போட்டிருக்கியாம், அத்தை வாசிச்சா. "எனக்குப் பனையேறக் கற்றுக்கொடுத்த மாமாவுக்கு"ன்னு. கேட்டு ராத்திரி எனக்கு ஒறக்கம் வரல. நான் எப்பல ஒனக்குக் கத்துக் குடுத்தேன்? ஏழு வயசுல ஒரு தடவ இடுப்பளவு ஏறிட்டு, எறும்பு கடிச்சிட்டுன்னு அழுதுக்கிட்டுக் குதிச்ச. அதை மட்டும் மாத்தி எழுது. பேரு இருக்கட்டும். சீக்கிரம் அச்சுல வந்தா நல்லது. எனக்குக் கண்ணு மங்குது, அதுக்காகச் சொன்னேன், வேற ஒண்ணும் இல்ல.

இன்னைக்குப் பொழுது போனது போகட்டும். மேசையில ஒரே ஒரு நோட்ட வையி. நாலாம் நோட்ட அத்தைகிட்டக் குடுத்துரு, அவ அரிசிப் பானைக்குள்ள பத்திரமா வச்சிருப்பா. போனை எங்கிட்டக் குடு. நாளைக்கு விடியக்காலம் நாலரைக்கு வந்து மச்சுக் கதவத் தட்டுவேன். வருசத்துக்கு 5 பவுன் எல்லாம் கேக்க மாட்டேன். நாலரைன்னா சேவல் கூவுத நேரம். அதைத்தான் தின்னுட்டோம், இனி நான்தான் கூவணும். எரிச்சல்ல என்னையும் அறுத்துரலாம்னு மட்டும் நெனைக்காத. எழுவத்தெட்டு வயசுக் கறி, எம்புட்டு வெறகு தள்ளுனாலும் வேகாது.